பதினொரு கால்களின் வாடை

சித்திரை மாதத்து நாலாவது செவ்வாய்க்கிழமை, பால்வண்டி வந்துவிட்டுப் போன கொஞ்ச நேரத்தில், ஏழுகிணத்துப்பட்டியில் இருந்த பதினொரு பிளாஸ்டிக் கால்களும் அதுவரை தங்கள் வயிற்றுக்குள் அடக்கி வைத்திருந்த வாடையை ஒரே மூச்சில் வெளியே விட்டன. அது கிழக்கே கண்மாய்க்கரை வரைக்கும் போனது, மேற்கே நாலுவழிச்சாலையின் நடுவில் நட்டு வைத்திருக்கும் அரளிச்செடி வரைக்கும் போனது, போய், கோடு கிழித்ததுபோல அங்கே நின்றுகொண்டது. அரளிக்கு அந்தப் பக்கம் ஒரு நூல்கூடப் போகவில்லை. எப்படிப்பட்ட வாடை என்று கேட்டால், மழையில் நனைந்த சாக்ஸை ஊறுகாய் ஜாடியில் போட்டு மூடி, ஜாடியைக் கோழிக்கூட்டுக்குள் ஒரு மாசம் வைத்திருந்து, வெளியே எடுத்துத் திறந்து, மேலே வாசனைப் பவுடரைத் தூவினால் வருமே, அந்த வாடை. அதில் பவுடர்தான் ரொம்ப மோசம்.

ஊரே மூக்கைப் பொத்தியது. குழாயடியில் நின்ற பெண்கள் குடத்தைப் போட்டுவிட்டு முந்தானையை எடுத்தார்கள். டீக்கடையில் வடையைக் கடித்தவர்கள் கடித்ததை விழுங்குவதா துப்புவதா என்று முழித்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனைக் காட்டி, "இவன்தான் சார்" என்றார்கள். மூக்கைப் பொத்தாதவர்கள் பதினொரு பேர்தான். அதில் ஒருத்தி ஜாக்கெட் தைக்கிற முனீஸ்வரி. கைக்குழிக்கு வளைவு வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தரியை நிறுத்தி, நன்றாக இழுத்து ஒருமுறை மோந்து பார்த்தாள். "அட, இது நம்ம வீட்டு வாடையாச்சே!" என்று சிரித்தாள். "எனக்கு மட்டுந்தான்னு நெனைச்சேன், எல்லாத்துக்கும் வந்துருச்சா? வரட்டும், வரட்டும்."

அந்தக் கால்கள் வந்த கதை இதுதான். நாலுவழிச்சாலை போட்டவர்கள் ஊரை ஒரு பக்கமும் ரேசன் கடை, காடுகரை, சுடுகாடு எல்லாவற்றையும் மறுபக்கமும் விட்டுப் போட்டுவிட்டார்கள். அரிசிக்கும் களையெடுப்புக்கும் பிணத்துக்கும் அதைத் தாண்டித்தான் ஆகவேண்டும் என்பதால், ஆறு வருசத்தில் பதினொரு பேர் ஆளுக்கு ஒரு காலைச் சாலையில் விட்டார்கள். முனீஸ்வரி விட்டது வலது கால், முட்டுக்குக் கீழே ஒரு சாண் மிச்சம், கையில் ரெண்டு கிலோ சீனிப் பையோடு, கல்யாணமான மறுவருசம். சீனிப் பை மட்டும் கிழியாமல் கிடந்தது என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். பிறகு, மண்டபமும் ஜவுளிக்கடையும் வைத்திருக்கிற பூபதிராஜன், பக்கத்து டவுன்காரர், பேருக்கு முன்னால் கொடைவள்ளல் என்று போடாத நோட்டீசை வாங்கிக் கையால் தொடமாட்டார், அவர் போன ஆடியில் தன் மண்டபத்தில் முகாம் வைத்துப் பதினொரு பேருக்கும் கால் கொடுத்தார். மனிதத் தோலின் நிறம் என்று அவர்கள் சொன்ன நிறம். எந்த மனிதன் என்று யாருக்கும் தெரியவில்லை. கெண்டைக்கால் இருக்கவேண்டிய இடத்தில் அவருடைய சிரித்த முகம் ஸ்டிக்கராக ஒட்டியிருந்தது.

தப்பு அளவெடுத்ததில் நடந்தது. பெரிய இடத்து ஆள் ஒருவர் வந்துதான் தொடங்கிவைக்கவேண்டும் என்று, விடிகாலையிலேயே வேனில் ஏற்றிக்கொண்டு போன பதினொரு பேரையும் பிளாஸ்டிக் நாற்காலியில் மிச்சக்காலைத் தொங்கப்போட்டு அஞ்சு மணி நேரம் உட்காரவைத்து, வடை பாயசத்தோடு விருந்து போட்டு, அப்பளத்தை ரெண்டாம் தடவை வைத்து, எல்லாம் முடிந்த பிறகு அளவெடுத்தார்கள். மிச்சக்கால் என்பது காலையில் ஒரு பருமன், மத்தியானம் ஒரு பருமன். தொங்கப்போட்டால் வீங்கும், நடந்தால் வற்றும். அன்றைக்கு ஒவ்வொரு காலும் நனைந்த பஞ்சுமாதிரி ஊதிக்கிடந்தது. முனீஸ்வரிக்கோ நிறைமாசம் வேறு. முழுக் காலே உரல்மாதிரி வீங்கிக்கிடக்கிற சமயம், மிச்சக்கால் சும்மா இருக்குமா?

"அண்ணே, நான் ஜாக்கெட் தைக்கிறவ," என்றாள் அளவு எடுத்தவரிடம். "பந்தியில சாப்ட்டு எந்திரிச்சு வந்தவளுக்கு நாங்க அளவே எடுக்கமாட்டோம். போயிட்டு நாளைக்கு வாம்பேன். நீங்க எனக்கு இன்னிக்கு எடுக்குறீங்களே, பிள்ளை பெத்தப்பெறகு இது தொளதொளன்னு ஆயிராதா?"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பழகிரும்மா," என்றார்.

பழகுவதற்கு அவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. மிச்சக்காலை நுழைக்கிற, தொளதொளத்த கூட்டுக்குள் பழைய வேட்டியைக் கிழித்துத் திணித்தார்கள். வெயில் ஏறினால் கால் உப்பி வேட்டி நெரித்தது, வேட்டியை உருவினால் கால் உள்ளே ஆடி எலும்பு முனையில் தோலைத் தேய்த்தது, தேய்த்த இடம் கொப்புளமாகி, கொப்புளம் உடைந்து நீராகி, நீர் வேட்டியில் ஊறி, அதன்மேல் வேர்வை, அதன்மேல் பவுடர், அதன்மேல் மறுபடியும் வேட்டி. சாயங்காலம் முனீஸ்வரி காலைக் கழற்றும்போது பொக்கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தோடு கூடவே வருகிற மூச்சை ஒருதரம் மோந்தவர்கள் இரண்டு நாளைக்கு ரசம் சாதம் தொடமாட்டார்கள். உள்ளே வாயும் வயிறும் அழுகிக்கிடக்க, வெளியே பூபதிராஜன் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பார். அதைத்தான் அவளால் பொறுக்க முடியாது. ஈரத்துணியை எடுத்து முதலில் அந்த முகத்தைத்தான் சுவர்ப்பக்கம் திருப்பிவைப்பாள்.

வலியைச் சொல்லி அவள் ஒருநாளும் அழுததில்லை. அவளுக்கு இருந்த ஒரே குறை பிள்ளை. நிவிஷா என்று பேர்வைத்து நிவி என்று கூப்பிடுகிற அந்தப் பிள்ளை, யார் தூக்கினாலும் போகும், மீன்காரர் தூக்கினாலும் போகும், ஆனால் அம்மா காலை மாட்டிக்கொண்டு வந்து கையை நீட்டினால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும். கட்டாயப்படுத்தித் தூக்கினால் ஓங்கரிக்கும். காலைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தால் ஓடிவந்து மடியில் விழும். மாட்டினால் பிள்ளை வராது, கழற்றினால் பிள்ளையோடு ஓர் அடி எடுத்துவைக்க முடியாது. எல்லாத் தாயும் செய்வதுபோல இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு குழாயடி வரைக்கும் போய், நாலு பேரிடம் நின்று வம்பு பேசிவிட்டு வரவேண்டும் என்பது முனீஸ்வரிக்கு ஆசை. முப்பத்தெட்டு எட்டு வைத்தால் குழாயடி. அவள் எண்ணி வைத்திருந்தாள்.

இப்படி இருக்கையில்தான் கால்கள் பதினொன்றும் வாயைத் திறந்தன.

ஊர் முதலில் அதை நம்பவில்லை. மேல்நிலைத் தொட்டியில் நாய் செத்துக்கிடக்கிறது என்று தொட்டியை இறக்கிக் கழுவினார்கள், ஒரு ரப்பர் பந்தும் ஒற்றைச் செருப்பும்தான் கிடைத்தன. கோழிப்பண்ணைக்காரரோடு சண்டைபோட்டுப் பண்ணையை மூடவைத்தார்கள், வாடை மூடவில்லை. தெருத்தெருவாகப் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள், பவுடரும் சேர்ந்து நாறியது. வெளியூரிலிருந்து பெண்பார்க்க வந்தவர்கள் பஜ்ஜித் தட்டைக் கையில் வாங்கிய வேகத்தில் வாசலுக்கு ஓடி அரளிச்செடி வரைக்கும் போய்த்தான் மூச்சுவிட்டார்கள். பஸ் கண்டக்டர் ஒரு ஸ்டாப்பிங்குக்கு முன்னாலேயே, "ஏழுகிணத்துப்பட்டி வருது, சன்னலச் சாத்திக்கங்க" என்று சத்தம்போட்டார். கடைசியில் பஞ்சாயத்துத் தலைவர் மோப்பம் பிடித்துக்கொண்டே தெருத்தெருவாக நடந்து பதினொரு வீட்டு வாசலிலும் நின்றார், பிறகு கூட்டம் போட்டார், கால்களையெல்லாம் சாலைக்கு அந்தப் பக்கம் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது என்று முடிவாயிற்று. இரண்டு நாள் பதினொரு பேரும் நொண்டியடித்துத் திரிந்தார்கள். வாடை ஓர் இழை குறையவில்லை. கால்களை எங்கே கொண்டுபோனாலும் அது ஊரில் இருந்தவர்களின் மூக்கில்தான் இருந்தது. அதனால் மூன்றாம் நாள் தலைவரே டிராக்டர் அனுப்பிச் சுடுகாட்டுக்குப் போன கால்களைத் திரும்பக் கூட்டிவந்தார்.

"எங்க காலு மட்டும் முன்கூட்டியே போயி எடம்பிடிச்சுட்டு வந்துருக்கு," என்றார் பஞ்சர் கடை தங்கமாரி. அவரும் பதினொரு பேரில் ஒருவர், இடது கால்.

வைகாசி பிறந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் அருவருப்பு. ஊர் பழகிக்கொண்டது. குழம்பில் பெருங்காயம் ஒரு பங்கு ஏறியது, டீயில் இஞ்சி ரெண்டு பங்கு ஏறியது. முந்தானையும் துண்டும் மெல்ல மூக்கைவிட்டு இறங்கி அதது இடத்துக்குப் போயின. காலையில் லேசாகவும் உச்சிப்பொழுதில் கனமாகவும் அடிப்பதை வைத்து மணி சொல்ல ஆரம்பித்தார்கள். "வாடை ஏறிருச்சு, உலைவைக்கணும்" என்று பெண்கள் எழுந்துபோனார்கள். மூக்கு நயமானவர்கள், "இன்னிக்கு அடிக்குறது தங்கமாரி காலு, இது முனீசு காலு இல்ல" என்று பிரித்துச் சொன்னார்கள். வெளியூர்க்காரர்கள் ஓங்கரித்தால் கோபம் வந்தது: "பெரிய மூக்கு வச்சிருக்காரு. நாங்கள்லாம் மனுசங்க இல்லையா?" பிறகு வாடை அடிக்கிறதா என்று கேட்டால், "எந்த வாடை?" என்று திருப்பிக் கேட்டார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் முனீஸ்வரி கத்தரியை டொக்கென்று கீழே வைத்தாள். ஒம்பது மாசமாகத் தனக்கு மட்டும் தெரிந்ததை ஊருக்கே தெரியவைத்தும், ஊர் அதைக் கூழ்போலக் கரைத்துக் குடித்துவிட்டதே என்று அவளுக்கு இருந்தது.

ஆனி மாதம் ஒருநாள் மத்தியானம், நல்ல உச்சிவாடை அடிக்கிற நேரம், அவள் காலை மாட்டிக்கொண்டு அடுப்படியிலிருந்து வந்தாள். பாயில் உட்கார்ந்திருந்த நிவி அவளைப் பார்த்துச் சிரித்தது. தவழ்ந்து வந்தது. பிளாஸ்டிக் காலைப் பிடித்து எழுந்து நின்று, பூபதிராஜனின் முகத்தில் கன்னத்தை வைத்து, கூட்டின் வாயோரத்தை நக்கியது.

"ஏய் முனீசு, பாத்தியா, பாத்தியா!" என்று அவள் புருசன் செந்தட்டி கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு எழுந்தான். போர்வண்டியில் ஊர் ஊராகப் போய் ஆழ்துளை போடுகிறவன், அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்திருந்தான். "பிள்ள உங்கிட்ட வந்துருச்சு! நீ எத்தனை நாளு ஏங்குன. இனி என்ன, தூக்கு. குழாயடிக்குப் போ."

முனீஸ்வரி பிள்ளையைத் தூக்கவில்லை. அவளுக்குக் காது ரெண்டும் சூடேறியது.

"என்ன, அப்படியே நிக்கிற?"

"மூக்கு செத்துப்போச்சுங்க என் பிள்ளைக்கு," என்றாள். "ஒம்பது மாசம் சரியாத்தான் இருந்துச்சு. நாத்தத்த நாத்தம்னு அதுக்குத் தெரிஞ்சிச்சு. இப்ப ஊரோட சேந்து அதுவும் நக்குது."

"வந்தா வந்துச்சுங்குற, வரலைன்னா வரலைங்குற. ஒன்னோட மனுசன் என்னதான் செய்யறது?"

"நீங்க ஒண்ணுஞ் செய்ய வேணாம். சாப்பிடுங்க." பிள்ளையின் வாயைத் தண்ணீரால் மூன்று தடவை துடைத்து அவன் மடியில் உட்காரவைத்தாள். காலைக் கழற்றினாள். பொக். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஊன்றுகோலைப் பிடித்து, தங்கமாரியின் பஞ்சர் கடைக்குப் போனாள்.

"அண்ணே, இதை நாலு கீறாக் கீறிக் குடுங்க."

தங்கமாரி ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார். "எதை, பூபதி அய்யா குடுத்ததவா? ஏத்தா, கழுத்தக் கீறுன்னா கீறிருவேன். இது மொகமுல்ல."

"மொகத்துக்கு நடுவுல ஒரு கீறு வரும். வரட்டும்." அவள் சாக்குப்பையில் உட்கார்ந்து, தரையில் ஆணியால் கோடுபோட்டுக் காட்டினாள். ஜாக்கெட் தைக்கும்போது உள்ளே ரெண்டு விரல் துணிவிட்டு ரெண்டு தையல் போடுவாள். பிள்ளை பெற்றவள் வந்து இறுக்குது என்றால் ஒரு தையலைப் பிரிப்பாள், காய்ச்சலில் மெலிந்தவள் வந்தால் ஒரு தையல் பிடிப்பாள். அவள் தைத்த எந்த ஜாக்கெட்டும் உடம்பைப் பார்த்து, நீ பழகிக்கொள் என்று சொன்னதில்லை. "உடம்புன்னா நேத்து மாதிரி இன்னிக்கு இருக்காதுண்ணே. இதைச் செஞ்ச புண்ணியவான் உள்ள ஒரு விரல்கூட விடாமச் செஞ்சிருக்கான். மேல இருந்து நாலு கீறு கீறிட்டா இது பூ மாதிரி விரியவும் செய்யும், சுருங்கவும் செய்யும். சுத்தி ஒரு நாடா போட்டுட்டா, பாவாடை மாதிரி வேணுங்குறப்ப இறுக்கிக்கிருவேன், சாப்ட்டுத் தளத்திக்கிருவேன்."

தங்கமாரி ரம்பப் பிளேடை எடுத்தார். முதல் கீறு பூபதிராஜனின் முன்பல் ரெண்டுக்கும் நடுவில் இறங்கியது. "இப்பத்தான் மனுசன் மாதிரி இருக்காரு," என்றார் அவர்.

புண் ஆறுவதற்காகச் செவிலியம்மா கொடுத்த களிம்பைப் போட்டுக்கொண்டு அவள் பத்து நாள் காலை மாட்டவே இல்லை. அந்தப் பத்து நாளில் கீறின விளிம்பையெல்லாம் அரத்தால் தேய்த்து, சைக்கிள் ட்யூபை வெட்டிக் கரைகட்டினாள். வேட்டித் துணியைக் கொண்டுபோய் எரித்தாள். அதற்குப் பதிலாக, ஜாக்கெட்டுக்கு வைக்கிற பருத்தி லைனிங்கில் கூட்டின் வடிவத்துக்கே மூன்று உறை தைத்தாள். ஒன்று காலில், ஒன்று கொடியில், ஒன்று சோப்புத் தண்ணீரில்.

நாடாதான் ஏமாற்றிவிட்டது. முதல்நாள் தெருமுனை வரைக்கும் ஒழுங்காக வந்த நாடா, வேர்வையில் நனைந்து நீண்டு, திரும்புகிற இடத்தில் அவிழ்ந்து, காலை நடுத்தெருவில் நிறுத்திவிட்டு முனீஸ்வரியை மட்டும் சாக்கடையோரத்தில் போட்டது. எழுந்து உட்கார்ந்து இறுக்கலாமென்றால் அதற்கு ரெண்டு கையும் வேண்டியிருந்தது, சேலையை முட்டுக்கு மேலே தூக்கவேண்டியிருந்தது. டீக்கடைக்காரர்கள் எல்லாரும் அந்த நேரம் பார்த்துத்தான் ரோட்டைப் பார்த்தார்கள்.

"ஒத்தக் கையில இறுகணும்," என்று வந்து சொன்னாள் தங்கமாரியிடம், முழங்கையில் சேற்றோடு, சிரித்துக்கொண்டேதான். "இன்னொரு கையில பிள்ள இருக்கும். சேலைக்கு மேலயே தடவிப் பாத்து இறுக்கணும். அவுக்குறதும் அப்படியே. அப்படி என்ன இருக்கு ஒங்க கடையில?"

தங்கமாரி கடையைச் சுற்றிப் பார்த்தார். செயின், ஸ்போக்ஸ், பெல். மூலையில், சாலையில் பொறுக்கின உடைந்த ஹெல்மெட்டுகள் குவிந்து கிடந்தன. ஒன்றை எடுத்துத் தாடைக்கு அடியில் வருகிற வாரைப் பூட்டுக்குள் நுழைத்தார். டிக், டிக், டிக். பல் பல்லாக ஏறி இறுகியது. பூட்டின் சிவப்பு நாக்கைச் சுண்டுவிரலால் இழுத்தார், வாரை விட்டுவிட்டது.

"அண்ணே!" என்று கத்தினாள் முனீஸ்வரி. "தலைக்கு மாட்டாமப் போனவனுக எல்லாம் என் காலுக்கு விட்டுட்டுப் போயிருக்கானுக!"

ரெண்டு ஹெல்மெட் வாரை மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகப் போட்டு அறைந்தார்கள். காலையில் ரெண்டு பல், நடந்து வற்றியபிறகு மூணு பல், சாப்பிட்டு உட்கார்ந்தால் ஒரு பல். சேலைக்கு மேலேயே டிக் டிக். கீறு நாலிலும் காற்று போய்வந்தது. ஆடி பிறந்து ரெண்டாம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் காலைக் கழற்றியபோது பொக்கென்ற சத்தம் வரவில்லை. உறையை உருவி மூக்கில் வைத்துப் பார்த்தாள். துணி வாசம். சோப்பு வாசம். அப்புறம் கொஞ்சம், நாளெல்லாம் நடந்த ஆளின் கால் வாசம்.

மறுநாள் காலையில் அவளைச் சுற்றி ஒரு கை நீளத்துக்கு வாடை இல்லாமல் போயிருந்தது. அவள் நடந்தால் அந்த வட்டமும் நடந்தது, உட்கார்ந்தால் அதுவும் உட்கார்ந்தது. ஊருக்கு அது பிடிக்கவில்லை. ஜாக்கெட் வாங்க வந்தவர்கள் வட்டத்துக்குள் காலை வைத்ததும் முகத்தைச் சுளித்தார்கள். "என்ன முனீசு, ஒன் வீட்டுல ஒருமாதிரி அடிக்குது?" என்றாள் பக்கத்து வீட்டு மதினி. "அடிக்கவேயில்ல மதினி, அதான் ஒங்களுக்கு ஒருமாதிரி இருக்கு." மதினி இன்னொரு தடவை மோந்து பார்த்தாள், பட்டன் வைத்தாயிற்றா என்று பார்த்தாள், வாசல்பக்கம் திரும்பினாள். வட்டத்துக்கு வெளியே மூக்கை நீட்டியதுதான் தாமதம், தூணைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருகிறமாதிரி ஓங்கரித்தாள். மூன்று மாசத்து வாடை மொத்தமும் முதல்நாள்போல அவள் மூக்கில் ஏறியிருந்தது. "அடிப்பாவி, என்னடி செஞ்ச? நிம்மதியா இருந்தேனே!" என்று திட்டிக்கொண்டே போனாள். அன்றைக்கே அப்படி ஏழு பேர். கடைக்கு வருகிறவர்கள் தெருவில் நின்றே அளவு ஜாக்கெட்டைத் தூக்கிப்போட ஆரம்பித்தார்கள்.

நிவி மட்டும் அந்த வட்டத்துக்குள் வரவே இல்லை. முன்பெல்லாம் நாறுகிறாள் என்று வராத பிள்ளை, இப்போது நாறவில்லையே என்று வரவில்லை. விளிம்பு வரைக்கும் தவழ்ந்து வரும், மோந்து பார்க்கும், இது என் அம்மா இல்லை என்பதுபோல உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பிவிடும். முனீஸ்வரி கிலுகிலுப்பையை ஆட்டினாள், பாட்டுப் படித்தாள், சீனியை விரலில் தொட்டு நீட்டினாள். செந்தட்டி போனில், "பழசையே மாட்டிக்கயேன்" என்றான். "அதுக்குப் பதிலா இன்னொரு காலையும் வெட்டிக்கிறலாம்," என்று போனை வைத்துவிட்டாள்.

முகாம் நடந்து ஒரு வருசம் ஆனதை ஒட்டி, ஆடி மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டார்கள். பூபதிராஜன் அத்தர் நனைத்த கைக்குட்டையோடு வந்து இறங்கினார். பதினொரு பேரையும் மேடையில் வரிசையாக நிறுத்திக் கால் தெரியும்படி படம் எடுக்கவேண்டும் என்பது ஏற்பாடு. முனீஸ்வரிக்கு வேறு வழி இல்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. அழுகிற பிள்ளையை வம்படியாகத் தூக்கி இடது இடுப்பில் வைத்து, வலது கையால் டிக், டிக் என்று ரெண்டு பல் ஏற்றிக்கொண்டு நடந்தாள். பிள்ளை குழாயடி வரைக்கும் திமிறியது. குழாயடியைத் தாண்டியதும் சிணுங்கியது. பள்ளிக்கூட வாசலில் அவள் தோளில் மூக்கை அழுத்திப் பெருமூச்சு விட்டது. முப்பத்தெட்டு எட்டு எப்போது முடிந்தது என்று அவள் எண்ண மறந்துபோனாள்.

மேடையில் பூபதிராஜன் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்தார். முனீஸ்வரியின் கெண்டைக்காலில் தன் முகம் பல்லுக்கு நடுவே பிளந்து ரெண்டாகக் கிடப்பதைப் பார்த்து நின்றார்.

"யாரும்மா இப்படிச் சிதைச்சது? கொடுத்த பொருளை மதிக்கத் தெரியணும்."

"நான்தானுங்க அய்யா. தொளதொளன்னு இருந்துச்சு, பிடிச்சுத் தச்சேன்."

"எல்லாருக்கும் அதே கால்தானே? அவங்கள்லாம் பழகிக்கலையா?"

"பழகிட்டாங்க," என்றாள் முனீஸ்வரி. "அதான் அய்யா நாத்தம்."

படம்பிடிப்பவர் கொஞ்சம் நெருங்கி நிற்கச் சொன்னார். பூபதிராஜன் கோபத்தை மடித்து வைத்துவிட்டு, சிரிப்பை எடுத்துப்போட்டுக்கொண்டு, பிள்ளையைக் கையில் வாங்கினால் நன்றாயிருக்கும் என்று வட்டத்துக்குள் ஓர் அடி வைத்துக் கையை நீட்டினார். அவர் சட்டையில் அத்தர் இருந்தது, அத்தருக்கு அடியில் ஊர் இருந்தது. நிவி அவரை மோந்து பார்த்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பியது. கழுத்தைச் சுருக்கி, நாக்கை நீட்டி, குடித்த பால் முழுவதையும் அந்த வெள்ளைச் சட்டையின் பையில் வாந்தி எடுத்தது.

பூபதிராஜன் பின்னால் எட்டிவைத்தார், வட்டத்துக்கு வெளியே போனார், போனதும் கைக்குட்டையைத் தாண்டி அவர் தந்த பத்துக் கால்களும் ஒருசேர அவருடைய மூக்கில் ஏறின. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு அவர் ஓங்கரித்த ஓங்கரிப்பை மைக் ஊர் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

முனீஸ்வரி அதைப் பார்க்கவில்லை. "என் தங்கம்! என் பவுனு! ஓங்கரிக்குதுய்யா என் பிள்ள!" என்று நிவியின் வாயை முந்தானையால் துடைத்து, துடைத்த வாயிலேயே முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்த ஊரிலேயே மோப்பதற்கு வேறு நல்ல இடம் கிடையாது என்பதுபோல, முகத்தைப் புதைத்துக்கொண்டது.

வரிசையில் நின்ற தங்கமாரி மேடையிலேயே உட்கார்ந்தார். பொக்கென்று காலைக் கழற்றினார். முன்வரிசை அப்படியே எழுந்து பின்வரிசைக்குப் போனது. "ஏத்தா, ரம்பம் எங்கிட்ட இருக்கு," என்றார். "டேப்பு ஒங்கிட்ட இருக்கா?"

ஜாக்கெட் தைக்கிறவள் டேப் இல்லாமல் எங்கே போவாள்? கழுத்தில்தான் கிடந்தது, மறுமுனை நிவியின் கையில் இருந்தது. மற்ற ஒன்பது பேரும் ஒவ்வொருவராகக் கீழே உட்காரத் தொடங்கினார்கள்.

"இப்ப எடுக்கமாட்டேன்," என்றாள் முனீஸ்வரி. பந்தலுக்குப் பின்னால் பிரியாணி அண்டாவைத் திறந்துகொண்டிருந்தார்கள். "நாளைக்கு விடிஞ்சதும் ஒண்ணு, உச்சிக்கு ஒண்ணு, பொழுதடைய ஒண்ணு, மூணு அளவு. எவனாச்சும் பந்தியில சாப்ட்டு வந்தீங்கன்னா, திருப்பி அனுப்பிருவேன்."